குடிக்காத கோப்பி

கோலசிலாங்கூர் ஆற்றுப் பனி இன்னும் கலையவில்லை. அந்தப் பனிக்குள்ளிருந்தே நடந்து வந்தவர்போல டாக்டர் நஜீபா துப்பறிவாளர் சிவானந்தத்தின் வாசலில் நின்றார்.

“என் உதவியாளன் அர்ஜுனன் ஆராய்ச்சியைக் கெடுத்துட்டான். இன்னைக்கே வேலையை விட்டு அனுப்பப் போறேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒருதடவை பார்த்துச் சொல்லணும்.”

சிவானந்தம் அவசரப்படுகிற ஆள் அல்ல. அவருடைய பங்கையும் சேர்த்து அவசரப்படக் கூட்டாளி கனி இருந்தான். அவன் அதற்குள் டட்சன் காரைக் கிளப்பிவிட்டான்.

மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு சிறிய அறை. மருந்துக்கு வெளிச்சம் ஆகாதென்று ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். ஒற்றைச் சிவப்பு விளக்கில், பகலிலேயே யாருடைய கனவுக்குள்ளோ நுழைந்ததுபோல் இருந்தது. மேசைமேல் கண்ணாடி ஜாடி, உள்ளே சிறு கிண்ணங்கள். பக்கத்தில் பாதி தீர்ந்த மருந்துப் புட்டி.

“எல்லாம் சிறுநீரக உயிரணுக்கள். லோரி ஓட்டின வீரனோடது, ஆபரேசன்ல எடுத்தது. அப்புறம் அவர் மூச்சுத் திணறி இறந்துட்டார். அவர் மனைவி சின்னத்தாய்தான் இங்க கூட்டிப் பெருக்குறாங்க” என்றார் நஜீபா. “ஜாடியை அடைச்சு ஆக்ஸிஜனைக் குறைச்சா அணுக்கள் செத்துப்போகும். இருட்டில நம்ம மூளையில சுரக்கிற மெலட்டோனின் அதைக் காப்பாத்துமான்னு பார்க்கிறேன். அதனால பாதிக் கிண்ணத்துல மட்டும் மருந்து, புட்டியில மீதிப் பாதி அடுத்த தடவைக்கு. ஆனா எல்லாமே உயிரோட இருக்கு! இவன் எல்லாத்திலயும் ஊத்தியிருக்கான்.”

“நான் ஊத்தலைங்க. வேலை போனா வீட்டில அடுப்பெரியாது” என்றான் மூலையில் நின்ற அர்ஜுனன்.

ஜாடிக்கு முன்னால் ஒரு கிளாஸ் நிறைய ஆறிப்போன கோப்பி, கூடவே ஒரு பிஸ்கட். கனி துள்ளினான்.

“கோப்பி குடிச்சிக்கிட்டே வேலை பார்த்திருக்கான் லா! அதான் பிசகிப்போச்சு.”

“அவசரக்காரனுக்குப் புத்தி மத்திமம்” என்று சிரித்த சிவானந்தம், காற்றுப் புகாமலிருக்க ஜாடி மூடியைச் சுற்றித் தடவியிருந்த கிரீஸைப் பார்த்தார். அதில் விரல் தடங்கள். சின்னத்தாயையும் உள்ளே கூப்பிட்டார்.

“எல்லாத்திலயும் ஊத்தியிருந்தா புட்டி காலியாகியிருக்கும். பாதி அப்படியே இருக்கு. மருந்தில்லாத அணுக்களும் பிழைச்சிருக்குன்னா, யாரோ மூடியைத் திறந்து காத்து விட்டிருக்காங்க.”

“யாருங்க?” என்றான் கனி.

“குடிக்க வந்தவன் கோப்பியைக் குடிச்சிருப்பான். செத்தவங்களுக்குப் படைக்க வந்தவங்கதான் முழுசா வச்சிட்டுப் போவாங்க.”

சின்னத்தாய் கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“அவரு கிட்னி இன்னும் உயிரோட இருக்குன்னு டாக்டரம்மாதானே சொன்னாங்க. கடைசியில மூச்சுக்குத் தவிச்ச மனுசன் ஐயா. மறுபடியும் காத்தில்லாம அடைச்சு வச்சா எப்படிப் பொறுக்கும்? நேத்து ராத்திரி பெருக்க வந்தப்ப கொஞ்ச நேரம் தெறந்து விட்டேன்.”

டாக்டர் ஆறுதலுக்குச் சொன்ன ஒரு வார்த்தை இத்தனை தூரம் வந்திருக்கிறது. நஜீபா உதவியாளன் பக்கம் திரும்பினார்.

“அர்ஜுனா, என்னை மன்னிச்சிரு.”

பிறகு ஜாடியைத் திறந்து ஒரு கிண்ணத்தை எடுத்துத் தனியாக வைத்தார். “இதை இனிமே அடைக்க மாட்டேன், சின்னத்தாயி.”

“இன்னும் எத்தனை நாளைக்கும்மா இருப்பாரு?”

அர்ஜுனன் மெல்ல வந்து அந்தக் கோப்பி கிளாஸை எடுத்தான்.

“இது ஆறிப்போச்சு, அக்கா. அண்ணனுக்குச் சூடா வேற கலக்கிட்டு வரேன்.”