துடைப்பத்துக்குப் பின்னால்

இரவெல்லாம் மழை பெய்திருந்தது. வெள்ளைச் சரளைப் பாதை நனைந்து இறுகிக் கிடந்தது. சக்கரம் ஏறினால் நறநறவென்று சத்தம் வரும், ஒரு துகள் மேலே எழாது. அப்படியிருக்க, தனக்குப் பின்னால் இரண்டு வளைவு தள்ளி, பழுத்துச் சிவந்த திராட்சை இலைகளுக்கு மேலே ஆளுயரப் புழுதி நிற்பதை வாஸ்கோ பார்த்தான்.

பின்னால் யாரும் இருக்க வழியில்லை. அவன்தான் கடைசி ஆள்.

வருடத்துக்கொரு முறை, அக்டோபர் முதல் ஞாயிறு, கார் நுழையாத இந்தக் கியாந்தி மலைநாட்டு மண்பாதைகளில் அறுபது எழுபது பேர் பழைய இரும்புச் சைக்கிள்களில் கோட்டை ஊர்களைச் சுற்றி வருவார்கள். கடைசியில் வருபவனின் இருக்கைக்குப் பின்னால் ஒரு கட்டைத் துடைப்பத்தைக் கம்பியால் கட்டிவிடுவார்கள். பின்தங்கியவர்களை ஓட்டிக்கொண்டு வருவதும், பாதைப் பிரிவுகளில் கட்டிய சிவப்பு அம்புப் பலகைகளைக் கழற்றி முதுகுப் பையில் போடுவதும் அவன் வேலை. ஊர்ச் சதுக்கத்துக்கு வந்ததும் துடைப்பத்தை ஒப்படைத்து, ‘எனக்குப் பின்னால் யாருமில்லை’ என்ற வரியின் கீழே கையெழுத்துப் போடுவான். அதன் பிறகுதான் கோயில் மணி அடிக்கும். மணி அடித்த பிறகுதான் சாப்பாடு.

ஏற்றத்தின் அடியில் பல் டாக்டர் கோர்ராதோ சைக்கிளை நிறுத்திவிட்டு ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“டாக்டரே, உங்களுக்குப் பின்னால யாராச்சும் உண்டா?”

“எனக்குப் பின்னாலயா? அண்ணே, என் பொண்டாட்டியே என்னைக் கழட்டி விட்டுட்டு முன்னால போயிட்டா. இனிமே எனக்குப் பின்னால வரணும்னா யாராவது பொறந்துதான் வரணும்.”

“அப்ப அந்தப் புழுதி?”

டாக்டர் திரும்பிப் பார்த்தார். மெல்லுவதை நிறுத்தாமல் பார்த்தார். “எந்தப் புழுதி? நேத்துப் பேஞ்ச மழைக்குத் தவளைதான் எழும்பும். மதியம் எத்தன கிளாஸ் போட்டீங்க?”

வாஸ்கோ சிரித்தான். டாக்டரை முன்னால் அனுப்பிவிட்டு ஆலைப் பிரிவு வரைக்கும் போனான். அங்கே டாக்டர் களைத்துப்போய், மேலே ஏறாமல் வலப்பக்கம் ஊருக்கே திரும்பிவிட்டார். மிச்சம் வாஸ்கோ மட்டும்.

ஆலைப் பிரிவு அவனுக்குப் பிடிக்காத இடம். அங்கிருந்து பாதை மேலே மோந்தெகால்வோ என்ற கோட்டை ஊருக்கு ஏறி, ஒன்பது கிலோமீட்டர் சுற்றி, மறுபடி அங்கேயே வந்து இறங்கும். வலப்பக்கம் ஊர். இடப்பக்கம் ஒரு தோட்டத்தின் ஒயின் நிலவறை.

வாஸ்கோ பீப்பாய் வியாபாரி. அவன் வீட்டில் மூன்று தலைமுறையாக, சொன்ன விலைக்கு ஒரு ஆணிகூட வாங்கியதில்லை. கொடுக்க வேண்டியதில் கொஞ்சமாவது குறைக்காவிட்டால் ராத்திரி தூக்கம் வராது. போன வருடமும் துடைப்பம் அவனிடம்தான்; அப்போது அவன் பாதையிடமே பேரம் பேசினான். மேலே எவனும் இருக்க மாட்டான் என்று தனக்குத்தானே சொல்லி, ஒன்பது கிலோமீட்டரையும் தள்ளுபடி செய்து, இங்கிருந்த பலகைகளைக் கழற்றிக்கொண்டு நேரே போய்க் கையெழுத்துப் போட்டான்.

மேலே ஈவோ லென்சி இருந்தார். எம்ப்போலி ஊரிலிருந்து வந்த, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். இறங்கி வந்தபோது அம்பு இல்லை, வெளிச்சமும் இல்லை. வழி கேட்க இடப்பக்கம் போயிருக்கிறார். புதுத் திராட்சைச் சாறு புளித்துப் பொங்கும் நாட்களில் நிலவறைத் தரையில் ஒரு காற்று தேங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆளை நின்ற இடத்திலேயே சாய்த்துவிடும். இந்தப் பக்கத்துக்காரன் எவனும் முழங்கால் உயரத்தில் மெழுகுவர்த்தியைப் பிடிக்காமல் உள்ளே இறங்க மாட்டான். சுடர் அணைந்தால் திரும்பிவிடுவான். வாத்தியாருக்கு அது யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? இரண்டு நாள் கழித்து நிலவறையில், சாற்றுத் தொட்டியின் அடியில் பிணமாகக் கிடந்தார்.

கிழவரே வழி தவறிவிட்டார் என்று ஊர் முடிவு செய்தது. வாஸ்கோ மறுக்கவில்லை. இந்த வருடம் துடைப்பத்தை வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் வாங்கிக்கொண்டான். ஒரு மீட்டர்கூடக் குறைக்கக் கூடாது. யாரையும் விட்டுவிட்டு வரக் கூடாது. கழித்தது போதும்.

ஏறினான். பிரிவிலிருந்த பலகைகளை இறங்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தான். சைப்ரஸ் மரங்களின் நிழல்கள் பாதையில் கோடு கோடாக விழுந்து, ஒவ்வொன்றைத் தாண்டும்போதும் முதுகு ஒரு கணம் குளிர்ந்து மறுகணம் சுட்டது. தூரத்தில் பன்றி வேட்டைக்காரர்களின் துப்பாக்கி ஒருமுறை வெடித்து அடங்கியது. பிழிந்த சக்கையின் புளித்த வாடை காற்றில் வந்து வந்து போனது. இத்தனைக்கும் அடியில், எண்ணெய் காணாத ஒரு சைக்கிள் சங்கிலி, மிதிக்கு ஒருமுறை கீச்சிட்டுக்கொண்டு, அவன் வேகத்துக்குச் சரியாகப் பின்னால் வந்தது. அவன் நின்றால் அது நின்றது. அவன் திரும்பினால் புழுதி மட்டும். இரண்டு வளைவு தள்ளி. எப்போதும் இரண்டு வளைவு.

கடைவாசலில் தன் முறைக்குக் காத்திருக்கும் மரியாதையான வாடிக்கையாளன் போல, அது நெருங்கவே இல்லை.

மோந்தெகால்வோவில் ஆள் நடமாட்டம் இல்லை. ஊரே கீழே விருந்துக்குப் போயிருந்தது. நீர்த்தொட்டிச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, வாஸ்கோ கோட்டை வாசலைப் பார்த்தபடி நின்றான். ஓடிப் பயனில்லை. வருவது எதுவானாலும் கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று முடிவு செய்திருந்தான்.

“வாங்க!” என்று கூவினான். “வாத்தியாரே, மெதுவாவே வாங்க. இந்தத் தடவ சேர்ந்தே போயிடலாம்.”

கல் சுவர்கள் அவன் குரலையே அவனுக்குத் திருப்பிக் கொடுத்தன. பிறகு வாசல் வளைவுக்குள் வெள்ளையாக ஏதோ நிறைந்தது. சுண்ணாம்பு வாடை. கண்ணைக் கசக்கி, இருமி, முகத்தைத் தொட்டித் தண்ணீரில் கழுவி அவன் நிமிர்ந்தபோது வாசல் காலியாக இருந்தது. சைக்கிளின் மேல் மெல்லிய வெள்ளைப் படலம்.

எதிர்ப்பக்கம், இறக்கத்தில், புழுதி போய்க்கொண்டிருந்தது. இப்போது அது முன்னால்.

ஆசுவாசமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முன்னால் போகிறவன் அவன் பொறுப்பில்லை.

இறங்கினான். முதல் பிரிவில் அம்புப் பலகை இல்லை. இரண்டாவதிலும் இல்லை. கம்பம் மட்டும் நின்றது. கம்பியின் இரண்டு முனைகள் நேர்த்தியாகப் பிரித்துவிடப்பட்டு ஆடிக்கொண்டிருந்தன.

கைபேசியை எடுத்தான். ஒர்னெல்லா அவனோடு ஒரே வகுப்பில் படித்தவள். சதுக்கத்தில் காபிக் கடை வைத்திருக்கிறாள். கையெழுத்துத் தாள் அவளிடம்தான் இருக்கும்.

“யோவ், எங்கய்யா போய் ஒளிஞ்சுக்கிட்ட? சூப்பு ஆறிப்போவுது.”

“அம்பெல்லாம் யாரு கழட்டினது? நான் இன்னும் மேலதான் இருக்கேன்.”

“போதையா? இப்பத்தானே துடைப்பத்தைக் குடுத்த. மாவு மூட்டைக்குள்ள விழுந்து எந்திரிச்சவன் மாதிரி, தலையிலேர்ந்து கால் வரைக்கும் வெள்ளையா. ஒரு வார்த்தை பேசல. கையெழுத்தப் போட்டுட்டுப் போயிட்ட.”

வாஸ்கோ கையைப் பின்னால் கொண்டுபோய் இருக்கையின் அடியில் தடவினான். கம்பி இருந்தது. துடைப்பம் இல்லை.

“ஒர்னெல்லா, அது நான் இல்ல.”

“ஆமா, பங்குச்சாமியாரு.” காகிதம் சலசலத்தது. “இரு. இதென்ன கையெழுத்து? உன்னுது கோழி கிளறின மாதிரில்ல இருக்கும். இது முத்து முத்தா, கரும்பலகையில எழுதிப் போட்ட மாதிரி…”

“மணியடிக்க விடாத! நான் பின்னால இருக்கேன். பின்னால ஒரு ஆள் இருக்கான்னு சொல்லு. இப்பவே போய்ச் சொல்லு!”

காதில் சரளை உருளும் இரைச்சல். பிறகு எதுவுமில்லை.

பள்ளத்தாக்குக்கு அப்பாலிருந்து மணி அடித்தது. ஒரே ஒரு தடவை.

மிதித்தான். வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. ஆலைப் பிரிவில் கம்பம் மொட்டையாக நின்றது. வழி அவனுக்கு மனப்பாடம், வலப்பக்கம். வலப்பக்கம் திரும்பினான். புழுதி அங்கே சுவராக நின்றது. நுழைந்தான். வாயில் சுண்ணாம்பு. மூக்கில். நெஞ்சுக்குள். பத்தடி. மூச்சு ஏறவில்லை. பின்வாங்கினான். மறுபடி முயன்றான். ஐந்தடி.

இடப்பக்கம் பாதை சுத்தமாக இருந்தது. நனைந்து, பளபளப்பாக. முடிவில் நிலவறைக் கதவு திறந்திருந்தது. வாசற்படியில் ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது.

அவன் ஒன்றும் தெரியாத வாத்தியார் இல்லை. பீப்பாய்க்காரன். படியில் தரையோடு வைத்த சுடர் எரிகிறதென்றால் காற்று நல்லது. உள்ளே ஆள் இருக்கிறது. தண்ணீர் இருக்கும்.

“யாரு உள்ள?”

படிக்கு வந்தான். தெரிந்தவன் செய்வதைச் செய்தான்: மண்டியிட்டு, சுடரைக் கிட்டத்தில் பார்த்தான். மிதித்து வந்த இரைப்பு நிற்கவில்லை. தோள் ஏறி இறங்கியது. வாய் திறந்திருந்தது. சுடருக்கும் வாய்க்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை.

அவன் மூச்சுக்குச் சுடர் அசையவில்லை.

ஆணி அடித்தது போல நேராக நின்றது. இன்னும் கிட்டே போனான். கன்னம் உப்ப ஊதினான். மறுபடி ஊதினான். பலங்கொண்ட மட்டும் ஊதினான்.

அது அப்படியே எரிந்தது.