அறையில் ஒருவர்

“நாங்க சாப்பிட்டோம்மா” என்று அப்பா சொன்னதுதான் முதல் நெருடல்.

மாலை நான்கு மணி. முதியோர் இல்லத்தின் பக்கவாட்டுச் சந்தில், கம்பியில்லாத ஒற்றைக் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே, கைப்பேசியைக் காதில் அழுத்தியபடி மகள் நின்றாள். உள்ளே, கண்ணாடியை ஒட்டி, மடியில் ஸ்பீக்கரில் போட்ட கைப்பேசியுடன் சக்கர நாற்காலியில் அப்பா. கொள்ளைநோய் பரவியதிலிருந்து, நாற்பத்தொரு நாளாக, இதுதான் அவர்களுடைய சந்திப்பு. கிருமிநாசினியின் நெடி சந்துவரை வீசியது. வாசலைப் பூட்டத் தெரிந்த நிர்வாகத்திற்குத் தொலைபேசியை எடுக்க மட்டும் தெரியவில்லையே என்ற ஆத்திரம் அவளுக்குள் புகைந்தது.

அப்பா முப்பத்தைந்து ஆண்டுகள் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவர். கேட்பவரையும் சேர்த்தால் ‘நாம்’, விலக்கினால் ‘நாங்கள்’ என்று அவள் தலையில் குட்டிக் குட்டிப் புகட்டியவர். அறையிலோ அவர் ஒருவரே. பக்கத்துக் கட்டில்காரர் போன வாரமே இறந்துவிட்டார்.

“ப்ரூஃப் பாத்தவருக்கே பிழையா? நாங்கன்னா யார் யாரு சார்?” என்று சீண்டினாள்.

“கழுதை, எனக்கே பாடமா?” என்று சீறுவார் என எதிர்பார்த்தாள். உதடுகள் அசைந்தன. குரல் ஒரு நொடி பிந்தி வந்தது.

“நாங்கதான்.”

அவர் தலை தோளில் சரிந்தது. யாரோ நிமிர்த்தியதுபோல வெடுக்கென்று நேரானது. கண்கள் இமைக்கவில்லை. அவருக்குப் பின்னே, காற்றே இல்லாத அறையில், திரைச்சீலை உப்பி நின்றது.

“உடம்புக்கு என்னப்பா? பெல்லை அடிச்சு நர்ஸைக் கூப்பிடுங்க.”

“கண்ணாடியை உடைச்சிடும்மா. நாம போகலாம்.”

நாம. இப்போது அவளும் அதில் சேர்ந்துவிட்டாள்.

“முடியாதுப்பா. திட்டுவாங்க. இன்னும் கொஞ்ச நாள்தான்...”

தலை பின்னுக்கு இழுபட்டது. முன்னே பாய்ந்தது. கண்ணாடியில் மூக்கெலும்பு நொறுங்கும் ஓசை காதிலும் கைப்பேசியிலும் ஒருசேர விழுந்தது. மறுபடியும். நெற்றி பிளந்தது. பல்லொன்று கண்ணாடியில் ஒட்டி, மெல்ல வழுக்கி இறங்கியது. அடிக்கு ஒருமுறை, “நாம.” முகம் சிதையச் சிதைய, குரலில் மட்டும் பிசிறே இல்லை.

“யாராவது வாங்களேன்! அப்பாவைக் கொல்றாங்க!”

யாரும் வரவில்லை. மீண்டும் அடி. மீண்டும்.

காலடியில் ஓர் அரைச்செங்கல். எடுத்தாள். கண்ணாடியின் மூலையைப் பார்த்து எறிந்தாள்.

கண்ணாடி சிதறியது. சட்டத்தில் எஞ்சிய சில்லுகள் முன்கைகளைக் கிழிக்க, உள்ளே பாய்ந்து அவரை அணைத்துக்கொண்டாள். நாற்பத்தொரு நாளுக்குப் பின் முதல் தொடுகை.

கட்டைபோல விறைத்திருந்தார். குளிர்ந்திருந்தார். உயிர் பிரிந்து நெடுநேரம் ஆகியிருந்தது.

பிடரியைத் தாங்க நீண்ட அவள் கையில், வேறு விரல்கள் தட்டுப்பட்டன. அவருடைய தோலுக்கு அடியில். ஐந்து. ஈரமாக. வெதுவெதுப்பாக.

அவை அவரை விட்டன. தோலைக் கிழித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக, அவள் மணிக்கட்டின்மீது மடிந்தன.