வெள்ளை அங்கியில் ஒரு கழுதைப்புலி!

"வீல்...!"

அந்த அலறல் அரங்கத்தின் தகரக் கூரையில் மோதித் திரும்பியது.

அலறியவள் வாமே. விதவைக்கான கறுப்பு உடையை இன்னும் களையாதவள்.

எதிரே சுவரில் கட்டிய வெள்ளைத் துணியில் அவள் கணவன் டிடிரோ நின்றிருந்தான். முதுகைக் காட்டிக்கொண்டு... தலையில் கௌபாய் தொப்பியோடு... காலடியில் வாய் பிளந்த ஒரு பாழடைந்த தங்கச் சுரங்கக் குழி!

அடுத்த நொடி திரை இருண்டது.

படம் அவ்வளவுதான். டிடிரோவின் உயிரும் அவ்வளவுதான்.

'கழுதைப்புலிகள்' ராக் குழுவின் பாடகன் அவன். ஃபிரான்சிஸ்டவுன் நகரில் ஆணி பதித்த தோல் ஜாக்கெட்டும் சங்கிலியுமாகத் திரியும் அத்தனை பேருக்கும் அவன்தான் ராஜா. புதிய பாட்டுக்கு வீடியோ எடுக்கப் போன இடத்தில், அந்தக் குழியின் அடியில் பிணமாகக் கிடந்தான்.

கால் தவறி விழுந்துவிட்டான் என்றது போலீஸ்.

ஒரே ஒரு போலீஸ்காரியைத் தவிர...

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள் டிடெக்டிவ் சார்ஜென்ட் கொராட்டா. பக்கத்தில் வறுத்த மொபானே புழுவைக் கொறித்துக்கொண்டிருந்த ரசிகன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"மேடம், சட்டையில ஒரு ஆணி கூட இல்ல... வழி தவறி வந்துட்டீங்களா? சர்ச் பக்கத்துத் தெருவுல இருக்கு."

"ஆணியெல்லாம் வீட்டுல இருக்குப்பா. தேவைப்பட்டா அடிப்பேன்."

அவன் புழுவை மெல்ல மறந்தான்.

கொராட்டாவின் பார்வை முன்வரிசையிலேயே குத்தி நின்றது. அங்கே மடிக்கணினிக்குப் பின்னால் செயாபெலோ. குழுவின் டிரம்மர். வீடியோ எடுத்தவனும் அவனே. கேமரா பேட்டரி தீர்ந்துபோனதாம். வேறு எடுக்க வண்டிக்குப் போனானாம். திரும்பி வந்தால் டிடிரோவைக் காணோமாம்.

நல்ல கதை! ஆனால் முந்தின வாரம் இருவரும் மேடையிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டதை ஊரே பார்த்திருந்தது.

'இவன்தான். இன்றைக்கு இவன் முகம் காட்டிக்கொடுக்கும்' என்று நினைத்துத்தான், வெளிவராத அந்த வீடியோவை ரசிகர்களுக்குப் போட்டுக் காட்டிக் கருத்துக் கேட்கும்படி அவனை நெருக்கியிருந்தாள்.

செயாபெலோ எழுந்தான்.

"நீங்களே சொல்லுங்க. இதை வெளியிடலாமா... வேணாமா?"

முதலில் குதித்தெழுந்தவள் ஜெட்சா. மூக்கில் வளையம், கழுத்தில் நாய்ச் சங்கிலி.

"என்ன கண்றாவி இது? நம்ம டிடிரோவுக்கு எதுக்கு பாதிரியார் மாதிரி வெள்ளை அங்கி? கிதாரை நெருப்புல வேற போடுறான்! பாட்டா இது, பாவமன்னிப்பா?"

"அதானே!" என்றது கூட்டம்.

"ஏய், செத்தவனைத் திட்டாதீங்கடா!" என்றான் புழுக்காரன். "டிரம்ஸ் எப்படி இடிக்குது... கேட்டீங்களா? வெளியிடணும். அவன் கடைசி மூச்சு அதுல இருக்கு."

"கடைசி மூச்சை வித்துக் காசாக்கப் போறீங்களா?"

"உன்னை மாதிரி ஓசியில கேக்குறவளுக்கு என்னடி தெரியும்?"

நாற்காலிகள் உருண்டன. யாரோ யாரையோ பிடித்துத் தள்ள...

"உக்காருங்க எல்லாரும்!"

இடி விழுந்தது போல ஒரு குரல்.

எழுந்து நின்றவன் ரசிகர் மன்றத் தலைவன். பெற்றோர் வைத்த பெயர் ம்பாக்கிசி. ஊர் வைத்த பெயர் 'சவப்பெட்டி.' கதவு அகலத்துக்குத் தோள். ஜாக்கெட்டின் முதுகு முழுக்க டிடிரோவின் முகம் வரைந்திருந்தான். அடக்கத்தன்று பெட்டியை மற்றவர்களிடம் கொடுக்காமல் கல்லறை வரை சுமந்தவன். மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தவன்.

கூட்டம் அடங்கியது.

"வெளியிடக் கூடாது," என்றான் சவப்பெட்டி. கண்கள் சிவந்திருந்தன. "என் ராஜாவை இந்தக் கோலத்துல உலகம் பாக்கக் கூடாது. அவன் கழுதைப்புலியாவே போகட்டும். பாதிரியாரா வேணாம்."

"அண்ணே... பாட்டு நல்லாருக்கேண்ணே..."

"பாட்டு நல்லாத்தான்டா இருக்கு! ஆனா அவன் அப்படியே திரும்புறான்... தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வச்சுக்குறான்... 'இனிமே கிதாரைத் தொட மாட்டேன், என்னை மறந்துடுங்க'ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றான்... அந்த மூஞ்சியை என்னால தாங்க முடியலடா!"

பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கொராட்டா துடைத்துக்கொள்ளவில்லை. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தொப்பியா...?

பிணத்தை மேலே தூக்கியபோது, தொப்பி அதன் வலது கைக்குள் கசங்கிக் கிடந்தது. நெஞ்சோடு சேர்த்து! பிணத்தைத் தூக்கிய போலீஸையும் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரையும் தவிர யாருக்கும் தெரியாத விஷயம்.

எழுந்தாள். முன்னால் நடந்தாள்.

"செயாபெலோ, கடைசிக் காட்சியை இன்னொரு தடவை போடு."

போட்டான். டிடிரோ முதுகைக் காட்டி நின்றான். திரை இருண்டது.

"இதுல எங்கப்பா திரும்புறான்?"

முணுமுணுப்பு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"திரும்பவே இல்லையே..." என்றாள் ஜெட்சா மெதுவாக.

சவப்பெட்டி உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான்.

"ஒரு... ஒரு நினைப்புல சொன்னேன் மேடம். அழுகையில ஏதோ கண்ணுல தெரிஞ்சது."

"சரி. வசனமும் காதுல கேட்டுச்சா?"

செயாபெலோவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கொராட்டா காத்திருந்த வெளுப்புதான். ஆனால் காரணம் வேறு!

"மேடம்... அது... அது அடுத்த ஷாட்!"

"என்னது?"

"திரும்பணும்... தொப்பியைக் கழட்டணும்... அந்த வசனத்தைச் சொல்லணும். அதை எடுக்கறதுக்குள்ளதான் பேட்டரி போச்சு. அந்த வசனத்தை அன்னைக்குக் காலையில வண்டியில போறப்பதான் நானும் அவனும் உருவாக்கினோம். வேற ஒருத்தர்கிட்டயும் சொல்லல. வாமே அண்ணிக்குக் கூடத் தெரியாது!"

"ஷாட்டா...?"

கேட்டவன் சவப்பெட்டி. அந்த இடிக்குரல் எங்கே போனது? பொத்தல் விழுந்த டயர் போலக் காற்று மட்டும் வந்தது.

"ஷாட்டுன்னா... என்னடா சொல்ற? நடிச்சானா...?"

"பின்ன? ராக் பாடகனை ஊரெல்லாம் சேர்ந்து பாதிரியாராக்குது. அவன் கடைசியில அங்கியைக் கிழிச்சு எறிஞ்சுட்டு மறுபடி கிதாரைத் தூக்குறான். அதுதான்ணே கதை! மேடையில நாங்க அடிச்சுக்கிட்டதே அந்த முடிவை எப்படி எடுக்கறதுங்கறதுக்குத்தான்!"

சவப்பெட்டி சிமெண்ட் தரையில் தொப்பென்று விழுந்தான்.

"நான் ஷூட்டிங் பாக்கத்தான் போனேன்... யாருக்கும் தெரியாம, பின்பக்கமா... கேமரா ஓடல, கூட ஆளும் இல்ல... அங்கியில தனியா நின்னான். 'என்னடா வேஷம் இது'ன்னேன். திரும்பினான். தொப்பியை நெஞ்சுல வச்சான். 'இனிமே கிதாரைத் தொட மாட்டேன்'னான். சிரிச்சான்... ஆனா கண்ணுல தண்ணி மேடம்... நிஜத் தண்ணி!"

"அதனால?"

"என் வாழ்க்கையே அவன்தான்... அவன் போயிட்டா நான் யாரு? ஒரே ஒரு தள்ளு... செத்துட்டா கழுதைப்புலியாவே இருப்பான்னு..."

தரையில் நெற்றியை மோதிக்கொண்டான்.

வாமே எழுந்து வந்தாள். அறைவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அறையவில்லை. அவன் முதுகில் வரைந்திருந்த கணவனின் முகத்தை ஒரு விரலால் தடவினாள்.

"ஒத்திகைன்னா அவன் உங்ககிட்டதான்ணே முதல்ல செஞ்சு காட்டுவான்," என்றாள். "நீங்க நல்லாருக்குன்னு சொன்னாத்தான் அவனுக்குத் திருப்தி."

திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

சவப்பெட்டி ஊளையிட்டான். அப்படி ஓர் ஓசையை எந்த ராக் மேடையிலும் யாரும் கேட்டதில்லை.

கொராட்டா அவன் கைகளைப் பின்னால் வளைத்து விலங்கை மாட்டினாள். 'இவன்தான்' என்று ஓர் அப்பாவியை நினைத்த தன் தலையில் மனதுக்குள் ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

வாசலில் ஜெட்சா வழி மறித்தாள். கண் மை கன்னமெல்லாம் வழிந்திருந்தது.

"மேடம்... நீங்களும்தான் வீடியோ பாத்தீங்க. டிடிரோவைப் பத்தி ஒரு வார்த்தையாவது நல்லதா சொல்லிட்டுப் போங்க மேடம்."

கொராட்டா அவளிடம் கைக்குட்டையை நீட்டினாள்.

"நான் ராக் எல்லாம் கேக்குறதில்லம்மா. ஆனா ஒண்ணு... பையன் கொஞ்சம் மோசமா நடிச்சிருந்தா, இன்னைக்கு உயிரோட இருந்திருப்பான்!"