அம்சவள்ளி எழுந்து வந்த இருக்கை

சகாயராஜ் ஒருவன்தான் இறங்கி ஏறினான். ஆனால் இரண்டு கதவுகள் சாத்தப்படும் சத்தம் அம்சவள்ளிக்குக் கேட்டது. முதலில் இடப்பக்கம், அப்புறம் வலப்பக்கம்.

விக்கிரவாண்டியில் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து பனமலைச் சாலையில் கொஞ்ச தூரம் வந்ததும், வைப்பரில் சிக்கிய எதையோ எடுக்க அவன் வண்டியை ஓரங்கட்டியிருந்தான். வாடகைக் கேரவனின் தகரக் கூரையில் மல்லாட்டைக் கடலையைக் கொட்டுவதுபோல் மழை சடசடத்துக்கொண்டிருந்தது. அவளுக்கு இருந்த கோபத்தில் அந்தக் கூரையே பிய்த்துக்கொண்டு போயிருந்தாலும் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டாள்.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால், திண்டிவனத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது, முகம் துடைக்கத் துண்டு தேடி டேஷ்போர்டைத் திறந்தவள் கையில் அந்தக் கடிதம் அகப்பட்டது. அவளுக்கு வந்திருந்த, சென்னையில் நர்ஸ் வேலைக்கான அரசு உத்தரவு. பத்து வருஷம் தனியார் ஆஸ்பத்திரியில் கால் வீங்க நின்று, மூன்று தடவை பரீட்சை எழுதி வாங்கியது. வேலையில் சேர வேண்டிய கடைசித் தேதி போன வாரமே முடிந்திருந்தது. உறையைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அவள் புருஷன் ஒளித்து வைத்திருக்கிறான்.

"ஏரிக்குப் போய் நிதானமா சொல்லலாம்னு இருந்தேன் அம்சா. ரெண்டு நாளு நிம்மதியா இருக்கலாம்னுதான் இந்த வண்டியே எடுத்தேன். நீ மெட்ராஸ் போய்ட்டா நான் இன்னா பண்றது?"

"பேசாதீங்க. உங்க மூஞ்சியப் பாத்தாலே பத்திக்கினு வருது. எங்கியாவது போய் ஒழிங்க."

அப்படியே முன் இருக்கையிலிருந்து இறங்கி வந்து பின்னால் ஏறிக்கொண்டாள். ஓடும்போது பின் கதவை வெளியிலிருந்து பூட்டச் சொல்லியிருந்தார் வாடகைக்கு விட்ட வண்டிக்காரர். அவன் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அதற்கும் சேர்த்துத் திட்டினாள்.

இப்போது வண்டி மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. மணி ஐந்துகூட ஆகவில்லை, அதற்குள் வயல்களும் புளியமரங்களும் ஒரே சாம்பல் நிறத்தில் கரைந்து, மழைத்தண்ணீர் ஜன்னல் கம்பிகளில் வழிந்து, எங்கிருந்தோ கலங்கிய ஏரிச் சேற்றின் வாசம், மூடிய வண்டிக்குள், மெத்தையிலும் போர்வையிலும் ஊறியதுபோல் கனத்துக்கொண்டே வந்தது. முன் இருக்கைகளை மறைத்த தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் சகாயராஜ் பேசிக்கொண்டிருந்தான். போனில் தன் அக்காவிடம் மூட்டிக் கொடுக்கிறான் என்று நினைத்ததும் அவளுக்கு மூக்கு விடைத்தது.

அப்புறம் அவன் சிரித்தான். கூடவே ஒரு பெண்ணும் சிரித்தாள்.

அம்சவள்ளி எழுந்தாள். தடுப்பில் கையகலக் கண்ணாடி ஒன்று, அதற்கொரு திரை. விலக்கினாள்.

அவள் எழுந்து வந்த இருக்கையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. சொட்டச் சொட்ட நனைந்த தலை. தோளில் மாம்பழ நிறத் துப்பட்டா. அம்சவள்ளி குனிந்து தன் தோளைப் பார்த்துக்கொண்டாள். அதே நிறம். அதே கரை.

"நீயே முன்னாடி வந்து குந்துவேன்னு நெனைக்கவே இல்ல அம்சா. பின் கதவப் பூட்ட மறந்துட்டேன் போல," என்றான் அவன். குரல் தழுதழுத்தது.

கண்ணாடியில் ஓங்கிக் குத்தினாள். அவன் திரும்பவில்லை. போனை எடுத்து அவனுக்குப் போட்டாள்.

"ஹலோ?"

"வண்டிய நிறுத்துங்க! அது நான் இல்ல. நான் பின்னாடி இருக்கேன்!"

அவன் பக்கத்தில் திரும்பிக் கேட்டது போனிலும் பலகை வழியாகவும் கேட்டது. "உன் போன்லேர்ந்து யாரோ பேசறாங்க அம்சா. பின்னாடியே வெச்சிட்டு வந்துட்டியா?"

"கட் பண்ணுங்க," என்றது முன் இருக்கையிலிருந்து அம்சவள்ளியின் குரல்.

போன் அடங்கிவிட்டது. மறுபடி போட்டாள். அணைத்து வைத்திருந்தான்.

வண்டி சேற்றில் வழுக்கி இறங்கி நின்றது. அவர்கள் தங்க வந்த ஏரிக்கரை கேம்ப். ஒரு ஆள் இல்லை. கூடாரங்கள் சரிந்து கிடந்தன, பாதி தண்ணீருக்குள். மழைத்திரைக்கு அப்பால் மலைக்கோயில் கண்ணுக்கே தெரியவில்லை. இரண்டு கதவுகளும் திறந்தன. ஒரே குடைக்குள் இருவரும் வண்டியைத் தாண்டி நடந்தார்கள். தான் நனைந்துகொண்டு, பக்கத்திலிருந்தவளுக்குக் குடை பிடித்திருந்தான் சகாயராஜ். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட அவன் அம்சவள்ளிக்கு அப்படிப் பிடித்ததில்லை. அந்த நேரத்திலும் அது அவளைச் சுட்டது.

அவர்கள் கரையில் நிற்கவில்லை.

"ன்னாங்க! போவாதீங்க! உங்களுக்கு நீச்சல் தெரியாதுங்க!"

கதவை உதைத்தாள். குக்கரைத் தூக்கி ஜன்னலில் அடித்தாள். கண்ணாடி நொறுங்கியது. கம்பி அசையவில்லை. ஒழிங்க என்று சொன்ன வாயாலேயே தொண்டை கிழியக் கத்தினாள். பாவி. சொல்லாமல் மறைத்த பாவி. திரும்புடா. திரும்பேன்டா.

முழங்கால். இடுப்பு. மார்பு.

ஒருமுறை திரும்பினான். கம்பிக்குள் தெரிந்த முகத்தைப் பார்த்தான். அப்புறம் பக்கத்திலிருந்த முகத்தைப் பார்த்தான். அவன் வாய் மெல்லத் திறந்தது. ஒரு கை வந்து அவன் கழுத்தை அணைத்தது.

குடை மட்டும் மிதந்தது.

மழை சட்டென்று ஓய்ந்தது. எங்கும் சத்தமில்லை. ஒரு தவளைகூட இல்லை.

தண்ணீரிலிருந்து ஒரு தலை எழும்பியது. ஒன்றே ஒன்று. தோள். மாம்பழ நிறத் துப்பட்டா. அவசரமில்லாமல் கரையேறி வந்தது. ஜன்னலைக் கடந்தது. பின்பக்கம் போனது.

பூட்டில் சாவி திரும்பியது.

அம்சவள்ளி சமையல் மேடைக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கினாள். வண்டி ஒரு பக்கம் அழுந்தித் தாழ்ந்தது. உள்ளே வந்தது. உள்ளிருந்தே கதவைச் சாத்தியது. எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து, கூந்தலை முன்னால் போட்டு, நிதானமாகப் பிழிந்தது. பிழியப் பிழியச் சேற்றுத் தண்ணீர். பிறகு நிமிர்ந்தது.

அவள் முகம். அவள் மூக்குத்தி. அவள் கண்கள்.

வாயைத் திறந்ததும் கடைவாயில் தண்ணீர் வழிந்தது. அந்த வாய்க்குள்ளிருந்து, மூச்சு முட்ட, கெஞ்சும் தொனியில், சகாயராஜின் குரல் வந்தது.

"இன்னும் கோவமாதான் இருக்கியா, அம்சா?"