ஆறாவது படி

நான்காம் தகடு விழுந்தது.

விழுந்திருக்கக் கூடாது. டாக்கெட் தன் எதிரே இருந்த இணைப்புப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு தொலைபேசிக் கம்பிகள், ஆறு துளைகள், ஒவ்வொரு துளைக்கும் மேலே கட்டைவிரல் நகம் அளவில் ஒரு பித்தளைத் தகடு. மறுமுனையில் யாராவது கைப்பிடியைச் சுழற்றினால் இங்கே தகடு விழும். நான்காம் கம்பி பதினேழாம் பங்கருக்குப் போவது. அங்கே ஆளில்லை. மூன்று நாளைக்கு முன்பே அதை மண்போட்டு மூடியாகிவிட்டது.

ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தான். மழையில் நனைந்த கம்பிகளில் எப்போதும் கேட்கும் இரைச்சல், அதற்கும் அடியில் எங்கோ ஒரு தொட்டியில் தண்ணீர் சொட்டுவதைப் போன்ற ஒலி, அதற்கும் அடியில், கேட்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாதபடி, வாயைத் திறந்துகொண்டு யாரோ மூச்சுவிடுவது. பிறகு ரிசீவர் பொத்தானை அமுக்கும் சத்தம்.

டிக். டிக்.

அவர்களுடைய படைப்பிரிவான பேக்கர் கம்பெனியில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எதிரிக்குப் பக்கத்தில் காவல் கிடப்பவன் வாய் திறந்தால் செத்தான். ஆகவே அரை மணிக்கு ஒருமுறை பொத்தானை இரண்டு தடவை அமுக்குவான். இருக்கிறேன், எல்லாம் சரி. ஒரே ஒரு தடவை அமுக்கினால், இல்லை.

"என்னடா, பட்டாலியனா?" என்றார் சார்ஜென்ட் மெர்ஸர், தகரக் குவளையிலிருந்து முகத்தை எடுக்காமல்.

"இல்ல சார்ஜென்ட். கம்பியில தண்ணி எறங்கியிருக்கு."

"எங்கதான் எறங்கல? என் காலுறையில மீன் வளக்கலாம்."

டாக்கெட் சிரித்துவைத்தான். தகட்டைத் தூக்கி மாட்டினான். மணி இரண்டு.

அவர்கள் இருந்தது பதினான்காம் பங்கர். ஜெர்மன் எல்லைக் காட்டில் ஊசியிலை மரங்களுக்குள் புதைந்து கிடந்த காங்கிரீட் பெட்டி. ஆளுயரத்துக்கும் அதிகமான கனத்தில் சுவர். ஈரச் சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் பழைய வியர்வையும் கலந்த ஒரு வாடை, ரொட்டியைக் கடித்தால் ரொட்டியிலும் அதே வாடை. ஜூனில் பிரெஞ்சுக் கடற்கரையில் இறங்கிய நூற்றெண்பது அமெரிக்கர்களில் முப்பத்தொரு பேர் மிச்சம். அக்டோபரில் பிடித்த பங்கர் ஒன்றை அப்படியே விட்டுவிட்டு முன்னே போனார்கள். ஜெர்மன்காரர்கள் பின்னால் வந்து அதற்குள் புகுந்து, விடிந்ததும் நான்கு பேரை முதுகில் சுட்டார்கள். அன்றிலிருந்து ஒரு விதி. பிடித்த பங்கரை விட்டு நகர்வதற்கு முன் ஓர் ஆள் கீழறை வரை இறங்கிப் பார்க்க வேண்டும். "யாரும் இல்லை" என்று அவன் சொன்னதும் இரும்புக் கதவை நிலையோடு சேர்த்துப் பற்றவைத்து, புல்டோசரால் மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள்.

பதினேழாம் பங்கரில் அதைச் சொன்னவன் டாக்கெட்.

கீழறைக்குப் பதினான்கு படிகள். அவன் ஆறாவது படிவரை போனான். கீழே கறுத்த தண்ணீர் தெரிந்தது. டார்ச்சை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஒருமுறை திருப்பினான். கூப்பிட்டுக்கூடப் பார்க்கவில்லை. மேற்கு வர்ஜீனியாவில் அவன் அப்பா வேலை பார்த்த நிலக்கரிச் சுரங்கம் சரிந்தபோது உள்ளே சிக்கியவர்கள் குழாயில் தட்டிக்கொண்டே இருந்தார்கள். நான்காம் நாள் தட்டல் நின்றது. ஒன்பதாம் நாள்தான் தோண்டி எடுத்தார்கள். திறந்த வானத்தின் கீழ் சாகலாம் என்றே அவன் ராணுவத்தில் சேர்ந்தான். மெர்ஸருக்கு அது வேடிக்கை. "கரிச்சுரங்கத்தான் மவன் இருட்டுக்குப் பயப்படுறான், எங்க போய்ச் சொல்ல" என்று ஆள் கிடைத்தபோதெல்லாம் சொல்வார்.

மேலே ஏறி வந்தபோது வாசலோரம் ஒரு கம்பி உருளை கிடந்ததைப் பார்த்தான். அதன் கைப்பிடியில் ஒரு நீலக் கைக்குட்டை. ஓர்வில்லுடையது. ஓர்வில் அவனோடு சேர்ந்து கம்பி இழுப்பவன், தூங்கும்போதும் பாடுகிறவன். அன்று காலை குண்டு விழுந்த நேரத்தில் போட்டுவிட்டு ஓடியிருப்பான் என்று நினைத்துக்கொண்டான். குண்டு விழுந்தால் மனிதன் எங்கே ஓடுவான் என்று நினைக்கவில்லை.

அன்று மாலை ஓர்வில்லின் போர்வை பிரிக்கப்படாமல் கிடந்தது. மெர்ஸர் அவன் பெயருக்கு எதிரே "காணவில்லை" என்று எழுதினார். டாக்கெட் உருளையைப் பற்றிச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை.

இரண்டரை. தகடு விழுந்தது.

டிக். டிக்.

மூன்று நாள். தண்ணீர் இருக்கிறது. காற்றுக்குழாயில் ஒரு விரல்கடை இடைவெளி இருந்தாலும் போதும், மனிதன் மூன்று நாள் தாங்குவான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், தோண்டிவிடுவார்கள். தோண்டினால் ஓர்வில் வெளியே வருவான். கூடவே அந்த ஆறாவது படியும் வெளியே வரும். முப்பது பேர் தன்னைப் பார்க்கப்போகும் பார்வையை டாக்கெட் இப்போதே முதுகில் உணர்ந்தான்.

"சார்ஜென்ட், பதினேழைத் திருப்பித் தோண்டணும்னா எவ்வளவு நேரமாகும்?"

"எதுக்குத் தோண்டணும்?"

"சும்மாதான்."

மெர்ஸர் குவளையைக் கீழே வைத்தார். "நீதானடா கீழ போய்ப் பாத்த?"

இணைப்புப் பெட்டிக்குள் ஏதோ மெல்ல இரைந்தது.

"ஆமா. பாத்தேன்."

"அப்புறம் என்ன? எழுந்திரு. மூணரைக்குக் கம்பெனி முன்ன நகருது. புல்டோசர்காரன் இந்தப் பங்கரையும் மூடணும்னு வாசல்ல நிக்கிறான். நான் ஜீப்புல சாமான ஏத்துறேன், நீ கடைசியாக் கம்பியெல்லாம் கழட்டிட்டு வா."

அவர் பூட்ஸ் சத்தம் வாசலில் மழையோடு கலந்தது. பங்கரில் டாக்கெட் மட்டும். மெழுகுவர்த்தி ஒன்று எரிந்துகொண்டிருந்தது, ஆனால் அதன் நிழல் அசைவதற்கும் சுடர் அசைவதற்கும் இடையே ஒரு சின்னத் தாமதம் இருப்பதாக அவனுக்குப் பட்டது.

மணி மூன்று ஆகவில்லை. தகடு விழுந்தது.

"ஓர்வில்?"

டிக். டிக்.

ரிசீவரைக் காதோடு அழுத்தினான். "பதினேழுலதான இருக்க?"

மூச்சு மட்டும்.

டிக்.

ஒன்று. இல்லை.

அவன் இணைப்பை வெடுக்கென்று பிடுங்கினான். ரிசீவர் ஊமையானது. ஆனால் சத்தம் நிற்கவில்லை. டிக். டிக். அது காதில் கேட்கவில்லை. கீழே கேட்டது. அவன் உட்கார்ந்திருந்த தரைக்கு அடியில்.

பெட்டியின் பின்பக்கம் பார்த்தான். ஐந்து கம்பிகள் சுவரேறிக் காற்றுத்துளை வழியாக வெளியே போயின. நான்காவது மட்டும் தரையில் இறங்கி, மூலையில் வளைந்து, கீழறைப் படிகளில் போனது. அவன் அப்படி இழுக்கவில்லை. ஆனால் முடிச்சு அவனுடையது.

மெர்ஸரைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். வேண்டாம். தானே போய்ப் பார்த்துவிடலாம். இந்தத் தடவையாவது கடைசிப் படிவரை.

டார்ச்சை ஒரு கையில் பிடித்து, கம்பியை மறு உள்ளங்கையில் ஓடவிட்டபடி இறங்கினான். கம்பி இளஞ்சூடாக இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. வாடை அடர்ந்தது. நான்கு, ஐந்து. ஆறில் கால் தானாக நின்றது. அந்தக் கால் பூட்ஸின் நாடா எப்போதோ அறுந்துபோய், பதிலுக்கு ஒரு துண்டுத் தொலைபேசிக் கம்பியைக் கட்டியிருந்தான். அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஏழாவதில் வைத்தான்.

பத்தில் தண்ணீர். பதினான்கில் முழங்கால்.

கீழறை. துருப்பிடித்த இரண்டு கட்டில்கள். சுவரில் ஒரு தொலைபேசி. ரிசீவர் தொங்கிக்கொண்டிருந்தது, ஆடிக்கொண்டிருந்தது, இப்போதுதான் யாரோ விட்டதைப் போல. அதற்குக் கீழே தண்ணீரில் பாதி மூழ்கி ஒரு கம்பி உருளை.

நீலக் கைக்குட்டை.

யாரும் இல்லை.

ரிசீவரைக் கையில் எடுத்தான். டார்ச் மங்கியது. மஞ்சள். சிவப்பு. அணைந்தது.

மேலே காலடி.

மெர்ஸர்தான். வேறு யார். கூப்பிட வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. காற்று வந்தது, அவ்வளவுதான்.

காலடி படியில் இறங்கியது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு.

நின்றது.

ஒரு டார்ச் வெளிச்சம் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போனது. அவனுக்கு இரண்டு முழம் தள்ளிப் போனது. திரும்பி வரவில்லை. அந்த வெளிச்சத்தின் விளிம்பில் ஒரு பூட்ஸ் தெரிந்தது. நாடா இருக்க வேண்டிய இடத்தில் தொலைபேசிக் கம்பி.

பூட்ஸ் திரும்பியது. ஏறியது.

கையிலிருந்த ரிசீவருக்குள் ஒரு குரல் பேசியது. சின்ன வயதுக் குரல், அவசரக் குரல், மேற்கு வர்ஜீனியாக் குரல். கண்ணாடி முன் நின்று பேசினால் எப்படி இருக்குமோ அப்படி.

"கீழ யாரும் இல்ல. பாத்துட்டேன். மூடிடுங்க."

இரும்புக் கதவு. பற்றவைக்கும் சீறல். பிறகு புல்டோசர். முதல் மண். இரண்டாவது. படிகளின் உச்சியில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு இருந்தது. நூலானது. இல்லாமல் போனது.

இருட்டில் அவன் கட்டைவிரல் பொத்தானைத் தேடியது. கண்டுபிடித்தது. அமுக்க வரவில்லை. விரல் விறைத்திருந்தது.

அப்போது பின்னாலிருந்து, தண்ணீரில் ஊறிச் சுருங்கிய ஒரு கை அவன் கைமேல் வந்து படிந்தது. அவசரப்படவில்லை. கட்டைவிரலை அதன் இடத்தில் சரியாக வைத்து, அமுக்கியது.

ஒரு தடவை.

இன்னொரு தடவை.