இடது இருக்கை

ஆடி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நாள் முழுக்க வெந்துகொண்டிருந்த விமானத்தின் கண்ணாடி மூடியில், உள்பக்கமாக, ஆவி படர்ந்திருந்தது. அதுவும் இடது பாதியில் மட்டும். வலது பாதி இப்போதுதான் துடைத்துவைத்தது போலப் பளிச்சென்று இருந்தது.

ஹம்ஸா டிபன் கேரியரும் கையுமாக ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஏர்ஃபோர்ஸ்காரருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு விமானம் ஒன்றும் அதிசயமில்லை. பள்ளிக்கூடத்தில் பிஸிக்ஸ் நடத்தியவள் என்பதால் கண்ணாடியில் ஆவி எதற்குப் படரும் என்றும் தெரியும். மூடின இடத்தில் யாராவது மூச்சு விட வேண்டும். உள்ளே இரண்டு இருக்கைகளும் காலி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஆவி கொஞ்சம் சுருங்கியது, பிறகு கொஞ்சம் விரிந்தது, மறுபடி சுருங்கியது. வெயிலில் வந்த கிறக்கம் என்று சொல்லிக்கொண்டு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

துவாக்குடி போகிற வழியில் இருக்கும் அந்த இன்ஜினியரிங் காலேஜுக்கு, ஓய்வு கொடுத்த பயிற்சி விமானம் ஒன்று வந்து இரண்டு மாதமாகிறது. சுதந்திர தினத்தன்று திறந்துவைத்து, மாணவர்கள் பார்க்கும்படி நிரந்தரமாக நிறுத்தப்போகிறார்கள். அதைச் சீர்செய்து கொடுக்க அவள் கணவர் வீரராகவனைக் கூப்பிட்டார்கள். விமானப்படையில் எத்தனையோ பையன்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவர், கூப்பிட்டதும் ஓடினார். அன்றிலிருந்து ஸ்ரீரங்கத்து வீட்டில் அவர் தலை தெரிவது அபூர்வமாகிவிட்டது. "இந்த வயசுல சின்ன வீடு வச்சிருக்கேளே, வெக்கமா இல்லையா?" என்று ஆரம்பத்தில் ஹம்ஸா சீண்டுவாள். அவரும் சிரிப்பார். பிறகு சிரிப்பு நின்றது. டாங்கில் சொட்டு எண்ணெய் கிடையாது என்று அவரே சொல்லியிருக்கிறார், ஆனாலும் அவர் வேட்டியில் மண்ணெண்ணெய் வாடை ஏறிக்கொண்டே போனது. புளியோதரையை இரண்டு பேருக்குக் கட்டச் சொன்னார். அங்கே பசங்களும் சாப்பிடுகிறார்கள் என்றார். ஆள் மட்டும் இளைத்துக்கொண்டே வந்தார். பதினைந்தாம் தேதி முடியட்டும், மனுஷனை மீட்டு வீட்டில் உட்காரவைத்துவிடலாம் என்று அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

"சாரு ஆபீஸ் ரூம்ல இருக்காரு, உக்காருங்க மேடம்," என்று நாற்காலி இழுத்துப் போட்டாள் லின்சி. அந்தக் காலேஜில் விமானப் பிரிவு ஆசிரியை, கைலாசபுரத்துப் பெண், வாய் ஓயாது. "எல்லா வேலையும் முடிஞ்சிருச்சு. ஸ்டிக் ஒண்ணுதான் படுத்துது. ஓட்டுறதுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு இருக்குல்ல? கேபிளை எல்லாம் கழட்டியாச்சு, தொளதொளன்னு ஆடணும். வலது பக்கம் ஆடுது. இடது பக்கத்தது அசையவே மாட்டேங்குது. யாரோ இறுக்கிப் பிடிச்சிட்டு இருக்கிற மாதிரி."

"துரு ஏறியிருக்கும்."

"நானும் அதான் சொன்னேன். சார் எண்ணெய்கூட விடக் கூடாதுன்னுட்டாரு. அவரு மனசும் பாவம்தான். அந்தப் பையன் இறந்துபோன விமானத்தையே தன் கையால துடைச்சு வைக்கணும்னா..."

"எந்தப் பையன்?"

லின்சி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பிரஹலாத். சார் உங்ககிட்ட சொல்லலையா மேடம்?"

ஹம்ஸா டிபன் கேரியரைக் கீழே வைத்தாள். பிரஹலாத், அவரிடம் பயிற்சிக்கு வந்த பையன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குவார்ட்டர்ஸுக்கு வந்து, "மாமி, இன்னும் ஒரு கை புளியோதரை," என்று தட்டை நீட்டுவான். பிள்ளை இல்லாத வீட்டில் அவன் போட்ட சத்தம் கொஞ்சநஞ்சமல்ல. பறந்துகொண்டிருக்கும்போது கழுகு ஒன்று முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து, இடது இருக்கையில் இருந்த அவன் மேல் மோதியது. பக்கத்து இருக்கையிலிருந்த வீரராகவன்தான் விமானத்தைக் கீழே இறக்கினார், பையனை உயிரோடு இறக்க முடியவில்லை. அந்த விமானம் காயலான் கடைக்குப் போய்விட்டது என்றுதான் அவளிடம் அன்றைக்குச் சொன்னார். இத்தனை வருஷமும் அதை நம்பியிருந்தாள். இரண்டு மாதமாக அவளுடைய புளியோதரையைக் கொண்டுவந்து இதே விமானத்தின் பக்கத்தில் வைத்திருக்கிறார், அவளிடம் ஒரு வார்த்தை இல்லை. கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக எரிந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது காரிலேயே கேட்டுவிட்டாள். அவர் வண்டியைக் காவிரிப் பாலத்தில் ஏற்றினார். புதுத் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. திருவானைக்காவல் பக்கம் திரும்புகிற இடத்தில் வண்டியை ஓரங்கட்டினார்.

"அவன் இன்னும் கையை எடுக்கல, ஹம்ஸா."

"என்ன உளறேள்?"

"ரெண்டு பேர் பறக்கறச்சே விமானத்தை வாயால சொல்லித்தான் கை மாத்தணும். ஐ ஹாவ் கண்ட்ரோல்னு ஒருத்தர் கேக்கணும். யூ ஹாவ் கண்ட்ரோல்னு மத்தவர் பதில் சொல்லிட்டுத்தான் கையை எடுக்கணும். முதல் நாளே அதைத்தான் சொல்லித் தருவோம். அன்னிக்கு அவன் ஓட்டிண்டிருந்தான். நான் கேட்டேன். எடுத்துண்டேன், இறக்கினேன். ஆனா அவன் பதில் சொல்லவே இல்லையே." அவர் உதடு நடுங்கியது. "தினம் கேக்கறேன். எனக்குத் தரமாட்டேங்கறான். நீ கேட்டா தருவான். மாமி கேட்டு எதை இல்லேன்னிருக்கான்?"

ஹம்ஸா அவரையே பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது. கூடவே, எப்போதும் தைரியமாக இருந்த மனுஷன் இப்படி உடைந்து உட்கார்ந்திருப்பது பொறுக்கவில்லை. அந்தப் பையன் இன்னும் எதையோ பிடித்துக்கொண்டு தவிக்கிறான் என்ற நினைப்பும் பொறுக்கவில்லை.

"ஒரே ஒரு தரம்," என்றார். "அதுக்கப்புறம் அந்த ஷெட் பக்கமே திரும்பிப் பாக்கமாட்டேன். பெருமாள் சத்தியம்."

அவர் பெருமாள் பேரில் பொய்ச் சத்தியம் செய்து அவள் பார்த்ததில்லை. சரி என்றாள்.

பதினாலாம் தேதி சாயங்காலம் போனார்கள். எல்லோரும் மேடைப்பந்தல் வேலையில் இருந்தார்கள். மைக்கில் யாரோ ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தான். ஆடிக்காற்று புழுதியை வாரி ஷெட்டுக்குள் இறைத்தது, கூரைத் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது, ஷட்டருக்குக் கீழே நீண்டு வந்த மஞ்சள் வெளிச்சத்தில் விமானம் வெள்ளையடித்த வயிறும் சிவப்பு மூக்குமாகக் கல்யாண வீடு போல ஜோடித்துக்கொண்டு நின்றது. ஏணியில் ஏறுவதற்குள் ஹம்ஸாவுக்கு மூச்சு வாங்கிவிட்டது. அவர் கைகொடுத்து இடது இருக்கையில் இறக்கினார்.

இருக்கை இதமாகச் சூடாக இருந்தது. வெயில் சூடு இல்லை. யாரோ இப்போதுதான் எழுந்துபோன இருக்கையின் சூடு. மண்ணெண்ணெய், பழைய ரப்பர், வியர்வை ஊறிய தோல், அதற்கெல்லாம் அடியில் நல்லெண்ணெயும் பெருங்காயமுமாக அவள் அடுக்களை வாசனை. அவர் தோளுக்கு மேலாகப் பட்டைகளை இழுத்து மாட்டினார், ஒவ்வொன்றாக இறுக்கினார். இன்னும் இறுக்கினார்.

"ஏன்னா, மூச்சு முட்டறது."

"இப்படித்தான் இருக்கணும்." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காரில் ஏறியதிலிருந்தே பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவர் வலது பக்கம் வந்து உட்கார்ந்து கண்ணாடி மூடியை இழுத்துச் சாத்தினார். மைக் சத்தம் அறுந்தது. தகரத்தின் படபடப்பு அறுந்தது. உள்ளே மூச்சுச் சத்தம் மட்டும் இருந்தது, அவளுடையது வேகமாக, அவருடையது மூக்கடைப்போடு, எப்போதும் போல. அவள் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவருடையது இருந்தது.

இன்னொன்றும் இருந்தது.

சிறிய மூச்சு. ஓடி வந்தவன் மூச்சு. அவள் கன்னத்துக்குப் பக்கத்தில்.

"கையை வை," என்றார் வீரராகவன்.

ஸ்டிக்கின் ரப்பர் பிடி ஈரமாக இருந்தது. அசையவில்லை. அவள் விரலுக்கு அடியில் ரப்பர் இல்லை, வேறு விரல்கள் இருந்தன. விறைத்த விரல்கள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "கண்ணா, மாமி வந்திருக்கேன்டா. போறும். இத்தனை நாள் பிடிச்சிண்டது போறும். மாமிகிட்ட கொடுத்துடு."

"அந்த வார்த்தையைச் சொல்லு."

"ஐ ஹாவ் கண்ட்ரோல்," என்றாள்.

பதில் வந்தது. தெளிவாக, மரியாதையாக, பயிற்சிப் பையன் குரலுக்குரிய மிடுக்கோடு.

"யூ ஹாவ் கண்ட்ரோல்."

வந்தது அவள் வாயிலிருந்து.

அவள் சொல்லவில்லை. உதடு அசைந்தது. அவள் அசைக்கவில்லை. கீழே பார்த்தாள். வளையல் போட்ட கைகள் ஸ்டிக்கை விட்டு மேலே எழுந்தன. அவள் விடவில்லை. இன்னும் பிடித்திருந்தாள். ரப்பரின் ஈரம் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. ஆனால் அவள் கைகள் அதோ, மேலே, கண்ணுக்கு முன்னால். விரல்களை மடக்கிப் பார்த்தன. நீட்டிப் பார்த்தன.

ஏன்னா, என்று கத்தினாள். சத்தம் இல்லை. கத்துவதற்கு வாய் அவளிடம் இல்லை.

வீரராகவன் அழுதுகொண்டிருந்தார். அழுதுகொண்டே மூடியைத் திறந்தார். பட்டைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். அரக்குப் புடவை கட்டிய உடம்பு இருக்கையிலிருந்து எழுந்தது. அவளை விட்டு எழுந்தது.

"பாத்து, கண்ணா," என்றார், அவளிடம் ஒருநாளும் பேசாத குரலில். "ஏணி இருக்கு. மெதுவா இறங்கு."

அப்படியானால் அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. இன்றைக்குத் தெரிந்ததில்லை, காரில் உதடு நடுங்கும்போதே தெரிந்திருக்கிறது. புளியோதரையை இரண்டு பேருக்குக் கட்டச் சொன்னபோதே தெரிந்திருக்கிறது. ஆயுசு முழுக்க இந்த மனுஷனுக்குச் சமைத்துப்போட்டு, தலைவலிக்குத் தைலம் தேய்த்து, இவர் ஊர் ஊராக மாற்றலாகும்போதெல்லாம் பின்னாலேயே போனவள் அவள்.

மூடியைச் சாத்துமுன் அவர் இடது இருக்கையை ஒருமுறை பார்த்தார். நேராக, அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தை. "என்னை மன்னிச்சுடு, ஹம்ஸா. வீட்டுல ஒரு பிள்ளை இருக்கணும்னு நீதானே பெருமாளைக் கேட்டுண்டே இருந்தே."

மூடி சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது.

கையை எடுக்க முயன்றாள். வரவில்லை. யாராவது கேட்க வேண்டும். நாளைக்கு வருகிற கூட்டத்தில் யாருக்கு அந்த வார்த்தை தெரியும்? தெரிந்தவர் ஒருவர். அவர் கேட்கமாட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் வாசலை நோக்கி நடந்தார்கள். அவர் கை அவள் தோளில். அவள் கை, அவளுடைய கை, நடக்கிற வேகத்தில் வீசி வீசி ஆடியது. வெளியே போனதும் அவர் ஷட்டரைப் பிடித்து இழுத்தார். வெளிச்சம் மேலிருந்து சுருங்கியது. அவர்கள் தலை மறைந்தது. தோள் மறைந்தது. இடுப்பு. புடவைக் கரை.

தரையோரம் ஒரு முழ வெளிச்சத்தில் ஷட்டர் சிக்கிக்கொண்டது. அந்த இடைவெளியில் அவளுடைய இரண்டு பாதங்கள் நின்றன. அதில் ஒன்று கட்டைவிரலை நீட்டி, மற்றதன் விரலில் கிடந்த மெட்டியை, இது என்ன என்பதுபோல மெல்லத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தது.