அத்தான் ஹேண்ட் பிரேக் போடுவதில்லை

"அய்யோ...! யாராவது ஓடி வாங்களேன்...!"

அக்காவின் அலறல்!

மாடியறையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்த தம்பி பதறவில்லை. நிதானமாகக் கடைசிப் பித்தானையும் போட்டான். அதற்கப்புறம்தான் பதறிக்கொண்டு கீழே ஓடினான்.

வெளியில் அவனை எல்லோரும் 'மாஸ்டர்' என்பார்கள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். ஊரில் ஸ்டீயரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் முட்டாள்கள், மீதிப் பேர் வடிகட்டின முட்டாள்கள் என்பது அவன் தீர்மானம்.

வீட்டு வாசலிலிருந்து நல்ல சரிவு. சரிவு முடிந்து சமதரை. அப்புறம் இரும்பு கேட். இரவெல்லாம் மேலே நின்ற கார் பின்பக்கமாக உருண்டு வந்து கேட்டில் மோதி நின்றிருந்தது.

காருக்கும் கேட்டுக்கும் நடுவில்...

அத்தான்! அக்காவின் புருஷன்! மூச்சு பேச்சு இல்லை!

அக்கா வாசற்படியிலேயே மயங்கிச் சரிந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளை உள்ளே தூக்கிப் போனார்கள்.

"யாரும் காரத் தொடாதீங்க! போலீஸ் வரட்டும்!" மாஸ்டர் கைகளை அகல விரித்துக்கொண்டு காவல் நின்றான்.

மனசுக்குள் குத்தாட்டம்!

பின்னே? வண்டிச் சாவியைக் கண்ணால்கூடப் பார்க்காதவனுக்கெல்லாம் லைசென்ஸ் வாங்கிக் கொடுப்பதுதான் அவன் ஸ்கூலின் ரகசியத் தொழில். அத்தானுக்கு அது தெரிந்துவிட்டது. இன்று காலை நேரே போய்ப் போக்குவரத்து அதிகாரியிடம் சொல்லப் போவதாக நேற்றே குதித்தார். சொல்லியிருந்தால் ஸ்கூலுக்குப் பூட்டு, மாஸ்டருக்குக் களி!

அத்தான் காரைக் கியரில் மட்டும் நிறுத்துவார். காலையில் முதல் வேலையாகக் கேட்டைத் திறக்கக் கீழே நடப்பார். இன்றும் நடந்தார்... காருக்குள் மைத்துனன் குனிந்து உட்கார்ந்திருப்பது தெரியாமல்! கியர் நியூட்ரலுக்கு வந்தது. மீதியைச் சரிவு பார்த்துக்கொண்டது. மாஸ்டர் இறங்கிப் பின்வழியாக மாடிக்குப் போய்விட்டான்.

விபத்து என்று எழுதிவிட்டால் போதும். பிழைத்தான்.

போலீஸ் ஜீப் வந்தது. இறங்கிய இன்ஸ்பெக்டர் ஒரு பெண். மாஸ்டருக்குப் பாதிப் பயம் போய்விட்டது. பொம்பளைக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்?

"எப்படி சார் ஆச்சு?"

"எப்படின்னா? ஹேண்ட் பிரேக் போடல. போய்ச் சேர்ந்துட்டார்."

"கியர்ல போட்டு நிறுத்தினா போதாதா?"

மாஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "மேடம்... சரிவுல மொத்த பாரமும் கியர் மேல விழும். அது நழுவினா அவ்வளவுதான். சக்கரத்தப் பிடிச்சு வைக்கறது ஹேண்ட் பிரேக்!"

"சமதரையில தேவையில்லையே?"

"அங்கயும் போடணும்! எங்க நிறுத்தினாலும் போடணும்! வருஷக்கணக்கா தொடாம விட்டா கேபிள் துருப்பிடிச்சுப் போகும். திடீர்னு ஒரு நாள் இழுத்தா வேலை செய்யாது."

"எங்க வீட்டுக்காரர் போட்டதே இல்ல."

"இன்னுமா உயிரோட இருக்கார்?"

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "உங்க அத்தான் எப்பவாவது...?"

"ஜென்மத்துல தொட்டதில்ல! நானும் எத்தனை தடவை சொல்லிருப்பேன்? எல்லாம் செவிடன் காதுல ஊதின சங்கு!"

"நீங்க காருக்குள்ள போனீங்களா?"

"சேச்சே! விவரம் தெரிஞ்சவன் மேடம் நான். அக்கா சத்தம் கேட்டு மாடிலேருந்து வந்தேன். வந்ததுலேருந்து இங்கயேதான் நிக்கறேன். ஒரு ஈ, காக்காயக் கிட்ட விடல!"

"அப்படியே எழுதிக்கட்டுமா?"

"தாராளமா!"

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிள்களைப் பார்த்தார். "உடம்ப எடுக்கணும். வண்டிய முன்னால தள்ளுங்க."

நாலு பேர் தோள் கொடுத்தார்கள். முக்கினார்கள்... முனகினார்கள்...

கார் அசையவில்லை!

மாஸ்டருக்கு இளக்காரம் தாங்கவில்லை. "சமதரை! நியூட்ரல்ல கிடக்கற வண்டி! சோறுதான திங்கறீங்க? நகருங்கய்யா!"

தானும் போய்த் தோள் கொடுத்தான்.

ம்ஹூம்!

"அது எப்படி சார் உங்களுக்குத் தெரியும்... நியூட்ரல்ல இருக்குன்னு?"

மாஸ்டர் காரிலிருந்து தோளை எடுத்தான். "அது... ஒரு யூகம்தான்..."

"சரியான யூகம்தான்." இன்ஸ்பெக்டர் கார்க் கதவைத் திறந்தார். "ஆனா, பக்கத்துல பாருங்க."

மாஸ்டர் பார்த்தான்.

ஹேண்ட் பிரேக் லீவர்... முழுசாக மேலே இழுக்கப்பட்டு நின்றது!

"அத்தான்... அத்தான்தான் போட்டிருப்பார் மேடம்..."

"ஜென்மத்துல தொட்டதில்லன்னீங்க. சரி, முன்னாடியே போட்டிருந்தா வண்டி உருண்டே இருக்காது. அப்புறம் போட்டார்னா, செத்தவர் எந்திரிச்சு வந்து போட்டாரா?"

மாஸ்டர் தன் கையையே வெறித்தான். எத்தனை வருஷப் பழக்கம்! வண்டி நின்றதா, இழு. அப்புறம் இறங்கு. மூளையைக் கேட்காமல் பாழாய்ப்போன கை அதன் வேலையை முடித்திருக்கிறது.

"கொலை பண்ணிட்டும் ஒழுங்கா பார்க் பண்ணிட்டு இறங்கின ஒரே ஆள் நீங்கதான் சார்!" இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

மயக்கம் தெளிந்து வாசலுக்கு வந்திருந்த அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தம்பி தலை நிமிரவில்லை. அவள் அவன் காலடியில் காறித் துப்பிவிட்டு உள்ளே போனாள்.

ஜீப்பில் ஏற்றினார்கள். தெருவும் ஏற்றம்தான். டிரைவர் கான்ஸ்டபிள் வண்டியைக் கிளப்பினான். ஜீப் முன்னால் போகவில்லை. பின்னால் சரிந்து... மின்கம்பத்தில்... டமார்!

மாஸ்டருக்கு விலங்கு மறந்துபோனது. கொலை மறந்துபோனது.

"அறிவு கெட்டவனே! ஏத்தத்துல ஹேண்ட் பிரேக் போடாம எவனாவது வண்டி எடுப்பானா? எந்தக் கழுதைடா உனக்கு லைசென்ஸ் வாங்கிக் குடுத்துது?"

டிரைவர் திரும்பிப் பார்த்துப் பவ்யமாகச் சொன்னான்.

"நீங்கதான், மாஸ்டர்!"